முந்தியில் தொங்கிய ஆடுகள்

என் மனைவி பூ வரைந்து சம்பாதிக்கிறாள் என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் நம்புவதில்லை. "நைட்டியில இருக்க பூவையா சொல்லுதீங்க? அதை ஒரு ஆளா வரையுது? மிஷின்ல தானா விழாதா?" என்று கேட்டவர்கள் உண்டு. அப்படிக் கேட்டவர்களில் நானும் ஒருவன், அதுவும் பெண் பார்க்கப் போன அன்றைக்கே. கோவில்பட்டியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறவன் நான். பொழுது விடிந்தால் பொழுது அடைந்தால் துணியை உதறிப் போடுகிற எனக்கே, அதில் இருக்கும் பூவை யாரோ ஒருத்தி உட்கார்ந்து வரைந்திருப்பாள் என்று தோன்றியதில்லை.

அவளுடைய தொழிற்சாலை எங்கள் வீட்டுக் கட்டில்தான். சுவரில் சாய்ந்துகொண்டு மடியில் டேப்லெட்டை வைத்து, அதற்கென்று உள்ள பேனாவால் வரைவாள். ஈரோட்டுப் பக்கத்து அச்சுப் பட்டறைகளிலிருந்து போன் வரும். இந்த வாரம் பூ சின்னதாக இருக்கட்டும், இலை கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும் என்பார்கள், குழம்புக்கு உப்பு சொல்வதுபோல. இவள் ஒரு சதுரத்துக்குள் பூவையும் இலையையும் வரைந்து அனுப்புவாள். அந்த ஒரே சதுரம்தான் துணி முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே போகும். ஒட்டுகிற இடம் கண்ணுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அது துணி இல்லை, டைல்ஸ் ஒட்டிய குளியலறைச் சுவர் என்பது அவள் கட்சி.

நைட்டித் துணிக்கு இன்னொரு சட்டமும் உண்டு. பூவுக்குத் தலை கால் இருக்கக் கூடாது. துணி வெட்டுகிறவர் மிச்சம் பிடிப்பதற்காகத் துணியை நேராகவும் போடுவார், திருப்பியும் போடுவார். எப்படிப் போட்டாலும் பூ பூவாகவே இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் இப்படித்தான் வரைந்து பழகியிருக்கிறாள். மேல் கீழ் என்பதே அவள் பூக்களுக்குக் கிடையாது. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொண்டால் எனக்கு உபகாரமாக இருக்கும். பின்னால் நடந்ததற்கெல்லாம் பழி என் தலையில் மட்டும் விழாது.

காலையில் பால் வாங்கப் போகும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். பால் கடை வாசலில் நிற்கிற நைட்டிகளில் அவள் வரைந்தது ஒன்றாவது இருக்கும். அதைக் கண்டுவிட்டால் பால் வாங்குவது மறந்துபோகும். அந்த அம்மாவுக்குப் பின்னாலேயே போய் நின்று இடுப்புப் பக்கம் ஒட்டு சரியாக வந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். திரும்பிப் பார்த்த அம்மாக்கள் பயந்து விலகியிருக்கிறார்கள். அவளுக்கு இருந்த ஒரே கோபம், எங்கள் ஊரில் நைட்டி போட்ட எல்லாரும் வெளியே வரும்போது மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வதுதான். "நான் கண்ணு வலிக்க வரைஞ்ச இடத்தைத்தான் சரியா மூடுதாவ" என்று வீட்டுக்கு வந்து புலம்புவாள்.

துண்டு போடாத ஒரு துணியில், தன்னை அறிந்த மனிதர்கள் உடுத்தும்படி ஏதாவது வரைய வேண்டும் என்ற ஆசை அவளுக்கு எப்போதும் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் ஊர்க் கொடையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் சொந்த ஊர் கழுகுமலை போகிற பாதையில் உள்ளே தள்ளி இருக்கிறது. அண்ணனும் மதினியும் அங்கே வெள்ளாடு வளர்க்கிறார்கள், கரிசல் காட்டில் உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிறார்கள். ஆவணியில் அம்மன் கொடை, எங்கள் கோவில் திருவிழா. கொடைக்கு எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி சேலை எடுப்பார்கள். செட் சேலை. எந்தச் சேலை, என்ன நிறம், யார் யார் செட்டில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் மதினி கையில். பால்குடம் தூக்கி வரிசையாக வரும்போது அத்தனை பேரும் ஒரே நிறத்தில் அசைந்து வருவது ஊருக்கே பெருமை. கோவில் வாசலில் செட்டாக நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அந்தப் போட்டோவை எடுப்பவள் என் மனைவி. செட்டில் இல்லாத ஒருத்திதானே எடுக்க முடியும்?

அவள் ஏன் செட்டில் இல்லை என்றால், எல்லாம் கல்யாணம் முடிந்து வந்த முதல் கொடையில் நடந்தது. அந்த வருடச் சேலையை மதினி ஆசையாக அவள் கையில் கொடுத்தாள். இவள் பிரித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, நல்லாருக்கு. ஆனா இந்தா பாருங்க, பூ ஒட்டுன இடம் அப்பட்டமா தெரியுது. சரியா வரையல" என்று விரல் வைத்துக் காட்டினாள். தொழில் தெரிந்தவள் தொழிலைப் பற்றிப் பேசினாள், அவ்வளவுதான். ஆனால் சேலையைத் தேர்ந்தெடுத்தவள் மதினி. அடுத்த வருடத்திலிருந்து ஆள் கணக்கு எடுக்கும்போது இவளை விட்டுவிட்டாள். நான் கேட்டால், "அவ டவுன்காரி தம்பி. நல்ல நல்ல சேலையா கட்டுதவகிட்ட இதைப் போயி நீட்டவா?" என்பாள். மரியாதைக்குள் வைத்துக் கொடுத்த குத்து அது. கதவு வெளியிலிருந்து சாத்தப்பட்டுவிட்டது என்பது என் மனைவிக்கு நன்றாகவே புரிந்தது.

ஒவ்வொரு வருடமும் அவள் தன் நல்ல சேலையில் ஓரமாக நிற்பாள். ஆளாளுக்கு அவரவர் போனை அவள் கையில் கொடுத்து, "எனக்கும் ஒண்ணு எடு" என்பார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் பேசாமல் வருவாள். ஜன்னலோரம் காற்று வாங்குகிறாள் என்று நானும் முதலில் நினைத்திருந்தேன்.

அவள் அதிர்ஷ்டமோ என்னவோ, போன வருடம் ஊரில் ஒரு பெரிய விபரீதம் நடந்தது. எங்கள் கொடைக்கு முந்தின வாரம் பக்கத்து ஊரில் கொடை. அந்த ஊர்ப் பெண்களும் எங்கள் தெரு எடுத்த அதே சேலையை, அதே நிறத்தில், அதே முந்தியோடு எடுத்துக் கட்டிவிட்டார்கள். இரண்டும் ஒரே கம்பெனிப் புத்தகத்தில் பார்த்து எடுத்தது, வேறென்ன நடக்கும்? கொடைக்கு வந்தவர்களெல்லாம், "நீங்களும் அந்தூரா?" என்று கேட்க, மதினி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த வருடம் சித்திரையில் நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஜவுளிக்கடையில இருந்து என்ன புண்ணியம் தம்பி? உலகத்துல ஒருத்திகிட்டயும் இல்லாத சேலை ஒண்ணு எடுத்துத் தர முடியாதா ஒங்களுக்கு?"

"கடைக்கு வந்துட்டாலே நாலு ஊருக்கும் வந்திரும் மதினி. புதுசா வரைஞ்சு அச்சடிச்சாத்தான் உண்டு."

"வரையுததுக்கு எங்க போறது?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ஆட்டுக்குட்டிக்கு அகத்திக்கீரை கொடுத்துக்கொண்டிருந்தாள், காதை மட்டும் இங்கே வைத்துக்கொண்டு. மதினியும் பார்த்தாள். பிறகு, "பூ வேண்டாம். பூன்னா ஊரு பூரா இருக்கு. வேற ஏதாவது வரைவீங்களா?" என்றாள்.

"ஆடு வரையுதேன்க்கா" என்றாள் இவள், கையில் கீரைக் கொத்தோடு.

அன்று திரும்பும் பஸ்ஸில் அவள் வாய் ஓயவில்லை. வரைவதற்குக் கன்னி ஆட்டை எடுத்துக்கொள்ளப் போகிறாளாம். எங்கள் பக்கத்து ஆடு அது. உடம்பு கறுப்பு, முகத்தில் கொம்பிலிருந்து மூக்குவரை இரண்டு வெள்ளைக் கோடு, காலில் வெள்ளை. யாரோ ஏற்கனவே டிசைன் போட்டு இறக்கியது மாதிரி இருக்கும். கரையில் பருத்திக் காய், உடல் முழுக்க மேய்கிற சின்ன ஆடுகள், முந்தியில் பெரிய ஆடுகள். கோவில்பட்டி நெருங்கும்போது சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "இங்க பாருங்க, இதையும் அவிய கட்டாம ஒதுக்கிட்டாவன்னா நான் இனிமே கொடைக்கு வர மாட்டேன். நீங்க மட்டும் போயிட்டு வாங்க." விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவள் என்னைப் பார்க்காததிலேயே தெரிந்தது.

வரைந்ததை மதினியின் போனுக்கு அனுப்பினோம். அங்கே தெருவே கூடி அதைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறது. அடுத்த ஞாயிறு நேரில் போனபோது விசாரணை நடந்தது.

"இது எந்தூரு ஆடு? காது நட்டமா நிக்கி. நாயில்லா அது."

"வாலைத் தொங்கப் போட்டிருக்கு. சீக்கு ஆடா? வெள்ளாட்டுக்கு வாலு மேல நிக்கணும்."

"வயிறு ஒட்டிக் கெடக்கு பாரு. நம்ம மேய்ச்சல் அம்புட்டு மோசமாவா இருக்கு? சேலையில பாக்கவனாவது வயிறு நெறஞ்ச ஆட்டைப் பாக்கட்டும்."

இவள் காதை இறக்கினாள், வாலைத் தூக்கினாள், வயிற்றைக் கொஞ்சம் உப்ப வைத்தாள். எதிர்வீட்டுக்காரி ஒருத்தி தன் வீட்டு ஒற்றைக் கொம்பு ஆட்டையும் ஓர் ஓரமாகச் சேர்க்கச் சொன்னாள். "ஒண்ணு போட்டா அதுவேதான் திரும்பத் திரும்ப வரும்க்கா. சேலை முழுக்க ஒத்தக்கொம்பாத்தான் நிக்கும்" என்று இவள் விளக்கினாள். "நின்னா நல்லதுதான்" என்றாள் அவள். அந்த மனு தள்ளுபடியானது.

நிறத்துக்கு ஒரு முழு மாலை போனது. ராமர் பச்சை, மயில்கழுத்து, அரக்கு, கிளிப்பச்சை என்று நான் கடையில் சொல்கிற எல்லா நிறத்தையும் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் கறுப்பு ஆடு எடுப்பாகத் தெரியும் என்று வெங்காயக் கலரில் போய் நின்றார்கள். எனக்கு அன்று ஓர் ஆச்சரியம். என் மனைவி யாரோடும் சரிக்குச் சரி சண்டை போட்டுக்கொண்டிருந்தாள், மதினியோடுகூட. மதினி அவளை, "ஏட்டி, போ. ஒனக்கு என்ன தெரியும்" என்றாள். இத்தனை வருடமாக அவளிடம் பேசிய "வாங்க, உக்காருங்க" எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அச்சடிக்க எட்டயபுரம் ரோட்டில் ஒரு பட்டறையைப் பிடித்தோம். தகரக் கூரை, உள்ளே ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நீள மேஜை, அதன்மேல் சேலையை இழுத்து ஒட்டிவிடுவார்கள். வலை கட்டிய சட்டத்தை வைத்து, மையை ஊற்றி, ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பு. சட்டத்தைத் தூக்கினால் கீழே ஆடு நிற்கும். அந்தப் பட்டறைக்காரர் மை கலப்பதில் பெரிய ஆள். கறுப்பு என்றால் அவரிடம் ஏழெட்டு விதம் இருக்கிறது. வாளியில் கலக்கி, ஒரு சொட்டை நகத்தில் வைத்து, வெயிலில் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் சம்மதிப்பார். என் மனைவியின் டிசைனைப் பார்த்ததும் ஒரே பிடிவாதமாக நின்றார்.

"கண்ணை எடுத்திருங்கம்மா. கறுப்பு மேல இம்புட்டுச் சின்ன வெள்ளைப் புள்ளி நிக்காது. பரவிரும்."

"கண்ணில்லாத ஆடாண்ணாச்சி? அது எப்படி மேயும்?"

"சேலையில இருக்க ஆடு எங்க மேயப் போவுது?"

"அவிய ஒவ்வொரு ஆட்டுக்கும் கண்ணு இருக்கான்னு பாப்பாவ. நீங்க எங்க ஊரைப் பாத்ததில்ல."

வெள்ளை மையைக் கட்டியாக்கினார், நீர்க்க விட்டார், வலையை மாற்றினார், முணுமுணுத்தார். நாலைந்து துண்டுத் துணி வீணான பிறகு ஓர் ஆடு சரியாகக் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தது. அவ்வளவுதான், அண்ணாச்சிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பிறகு ஒவ்வொரு கண்ணையும் குனிந்து பார்த்து, பரவினால் ஊதி, பஞ்சால் ஒற்றி எடுத்து, இரண்டு பேரும் டாக்டர்கள் மாதிரி மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நான் டீ வாங்கி வருகிற ஆளாக இருந்தேன்.

முதல் சேலை காய்ந்ததும் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அவள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "முந்தியைக் காட்டுங்க" என்றாள். கடையில் எப்படிக் காட்டுவேனோ அப்படிக் காட்டினேன். முந்தியின் முனையை இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, மிச்சச் சேலையைக் கீழே தொங்கவிட்டேன். முந்தி முழுக்கக் கன்னி ஆடுகள் தலை நிமிர்ந்து, வால் தூக்கி, கண் திறந்து ஜம்மென்று நின்றன. அவள் கண் கலங்கிவிட்டது. அப்படியே ஒரு போட்டோ எடுத்து மதினிக்கு அனுப்பினோம். அங்கேயும் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்து, காதைப் பார்த்து, வாலைப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று பதில் வந்தது. மற்ற சேலைகளையும் அச்சடித்துவிட்டோம்.

செட் சேலையைக் கொடைக்கு முன்னால் யாரும் கட்டிப் பார்க்கக் கூடாது. ஜாக்கெட் துணியை மட்டும் வெட்டிக்கொண்டு, சேலை மூலையில் மஞ்சள் தடவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட வேண்டும். கொடையன்று காலையில் குளித்துவிட்டுத்தான் மடிப்பைப் பிரிப்பது. எங்கள் ஊர் வழக்கம் அது.

கொடையன்று விடிந்ததும், அண்ணன் வீட்டில் தங்கியிருந்த எங்களுக்கு மேளம் கேட்க ஆரம்பித்தது. மதினியும் மற்றவர்களும் இருட்டோடு கட்டிக்கொண்டு குடம் எடுக்க ஊர்க் கிணற்றுக்குப் போயிருந்தார்கள். என் மனைவிக்கு மடிப்பு வைக்க நேரமாகிவிட்டது. முடித்துவிட்டு, "எப்படி இருக்கு?" என்று என் முன்னால் நின்றாள். கரையில் பருத்திக் காய், கொசுவத்தில் வரிசையாக மேயும் ஆடுகள். பார்க்க அழகாக இருந்தது. "திரும்பு" என்றேன்.

அவள் திரும்பினாள். முதுகில் இறங்கிய முந்தியில் ஆடுகள் எல்லாம் கால் மேலே, தலை கீழே. மறுநாள் கிடா வெட்டில், உரிப்பதற்காகப் புளியமரத்தில் பின்னங்காலைக் கட்டித் தொங்கவிடுவார்களே, அச்சு அசல் அதுதான். அதிலும் எல்லா ஆடும் கண்ணைத் திறந்துகொண்டிருந்தது.

சேலை தோளில் ஏறி முதுகில் இறங்குகிறது. ஆகவே முந்தியில் ஆட்டின் தலை தோளைப் பார்க்க வேண்டும், கால்தான் முந்தி முனைப் பக்கம் இருக்க வேண்டும். இவள் தலையை முனைப் பக்கம் வைத்துவிட்டாள். மேல் கீழ் இல்லாத பூவையே வரைந்து பழகிய கை. நானோ முனையைத் தூக்கிப் பிடித்தேன், அதனால் நேராகத் தெரிந்தது. உலகத்தில் எல்லாக் கடையிலும் அப்படித்தான் பிடிக்கிறார்கள் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். சாதாரணமாக முந்தியில் மாங்காய் இருக்கும். மாங்காய் எப்படித் தொங்கினாலும் மாங்காய்தான். மதினி வீட்டாருக்கோ ஆட்டைக் கண்டால் வேறெதுவும் கண்ணில் படாது. ஆட்டின் இமைவரை சரி பார்த்தார்கள், சேலையை ஒருவரும் பார்க்கவில்லை.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். என் முகம் அதற்குப் பிறந்த முகமில்லை. அவள் பீரோக் கண்ணாடிக்குப் போய் முதுகைத் திருப்பி, கழுத்தை ஒடித்துப் பார்த்தாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு, துணைக்குக் கொண்டுவந்திருந்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு, உள் அறையில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வரல. தலைவலின்னு சொல்லிருங்க."

"யாரும் கவனிக்க மாட்டாங்க."

"இந்த ஊர்லயா?"

தனியாகப் போனேன். பால்குடம் தெருவுக்குள் நுழைந்துவிட்டிருந்தது. மதினிதான் முதலில் வந்தாள், கம்பீரமாக, தன் முதுகில் என்ன தொங்குகிறது என்று தெரியாமல். சிரிப்பு வரிசையின் வாலில் ஆரம்பித்திருந்தது. முன்னால் போகிறவளின் முதுகைப் பார்த்தவள் சிரிக்க, அவள் ஏன் சிரிக்கிறாள் என்று முன்னால் போகிறவள் தனக்கு முன்னால் உள்ள முதுகைப் பார்க்க, அப்படியே வரிசையின் தலையை நோக்கி ஏறி வந்துகொண்டிருந்தது. தலையில் குடம் இருப்பதால் வாய்விட்டுச் சிரிக்க முடியாது. உதட்டைக் கடித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க, நெற்றியில் பால் வழிய வந்தார்கள்.

டீக்கடைப் பக்கம் நின்ற ஆண்களுக்குக் கேட்கவா வேண்டும்.

"என்ன மதினி, கறிக்கடை இன்னைக்கே தொறந்தாச்சா?"

"தொடைக்கறி இருக்கா?"

எனக்கு அந்த இடத்திலேயே கரிசல் பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. வரிசையின் நடுவில் இருந்து ஒரு குரல், "ஒங்க வீட்டுக்கு வெறும் எலும்புதான் போடச் சொல்லியிருக்கு" என்றது. தெருவே சிரித்தது. மதினி மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்தவள் காதோடு ஏதோ சொல்ல, முகம் இறுகிப்போய், நேராகப் பார்த்துக்கொண்டே கோவிலுக்குள் போனாள். அந்த முகம் எனக்குத் தெரியும். இனி ஜென்மத்துக்கும் என் மனைவி இந்தப் படி ஏற முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

பாலை ஊற்றி, தீபாராதனை முடிந்து வெளியே வந்ததும் மதினி என்னிடம்தான் வந்தாள்.

"எங்க அவ? வரிசையில காணல."

"தலைவலி மதினி. படுத்திருக்கா."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, காலிக் குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். நான் எல்லாருக்கும் பின்னால் ஓடினேன், மதினி சத்தம் போடுவதற்குள் குறுக்கே விழுந்து சமாதானம் சொல்ல. வழியெல்லாம் என்ன சொல்வது என்று தேடினேன். என் கண்ணுக்கு முன்னால் ஆடாகத்தான் தொங்கியது.

மதினி உள் அறை வாசலில் போய் நின்றாள். என் மனைவி நீலச் சேலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுத முகம்.

"என்னட்டி இது சேலை?"

"அக்கா, நான் தெரியாம…"

"நான் கேட்டது அதை இல்ல. நீ கட்டியிருக்கியே, இந்தச் சேலையைக் கேக்கேன்." மதினி குடத்தைக் கீழே வைத்தாள். "நாங்க அம்புட்டு பேரும் முதுகுல கறியைத் தொங்கப் போட்டுக்கிட்டு, ஊரு சிரிக்க நடந்து வந்திருக்கோம். நீ மட்டும் நல்ல சேலையைக் கட்டிக்கிட்டு உள்ள உக்காந்திருப்பியோ? ஒனக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?"

இவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்திரி. அதைக் கட்டு. சாயந்தரம் பொங்கல் வைக்கப் போவணும். அப்பவும் அவனுவ அங்கனதான் நிப்பானுவ. பதில் சொல்ல ஆளு பத்தாம நிக்கோம்."

"ஆடு தலைகீழா இருக்குக்கா."

"இருந்துட்டுப் போவுது. எங்களுக்கு இல்லாத வெக்கம் ஒனக்கு என்ன?" என்றவள் என் பக்கம் திரும்பி, "தம்பி, நீங்க வெளிய போயி நில்லுங்க" என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

வெளியே நின்றேன். உள்ளே மதினி கொசுவம் சரியில்லை என்று திட்டுவது கேட்டது. "இப்படியாட்டி மடிப்பு வைப்பாவ?" என்றது. ஊக்கு எங்கே என்றது. பிறகு எல்லாருமாகச் சிரிப்பது கேட்டது. அதில் அவள் சிரிப்பு எது என்று காது கொடுத்துக் கேட்டும் எனக்குப் பிரித்து எடுக்க முடியவில்லை.

சாயங்காலம் பொங்கல் பானையோடு கோவிலுக்குப் புறப்பட்டார்கள். வெங்காயக் கலரில், முதுகு முழுக்க ஆடுகள் தொங்க, பேசிக்கொண்டே கூட்டமாகப் போனார்கள். நான் கொஞ்சம் தள்ளிப் பின்னால் வந்தேன். அடுப்புக்குத் தீப்பெட்டி என்னிடம் இருந்தது, அதை மனைவியிடம் கொடுக்க வேண்டும். கூப்பிடலாம் என்று வாயெடுத்தேன். ஆனால் அந்த முதுகுகளில் எது அவளுடையது என்று எனக்குத் தெரியவில்லை.